முதுகுத்தண்டில் அடிபட்ட பிறகு வரும் தனிமை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வயரிங் வேலை பார்த்தவன். 2011-இல் ஒரு புதுக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பைப் பதித்துக்கொண்டிருந்தபோது சாரம் சரிந்து கீழே விழுந்தேன். முதுகெலும்பில் டி-10 என்கிற எலும்பு நொறுங்கிவிட்டது. தொப்புளுக்குக் கீழே உணர்வும் கிடையாது, அசைவும் கிடையாது. அப்போது எனக்கு 27 வயது. ஊர் சங்கரன்கோவில் பக்கம். இப்போது வீல்சேரில் உட்கார்ந்து வீட்டு முன்னறையில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறேன்.

பனை ஏறி விழுந்தவர், பைக்கில் போய் லாரியில் மோதியவர், கிணற்றுக்குள் தவறி விழுந்தவர் என்று சுற்றுவட்டாரத்தில் யாருக்கு இப்படி ஆனாலும் என் நம்பர் எப்படியோ அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறது. முதல் போனில் நடக்க முடியுமா என்று கேட்பார்கள். இரண்டாவது போனில் எவ்வளவு செலவாகும் என்று கேட்பார்கள். மூன்றாவதோ நான்காவதோ ராத்திரியில் வரும். அதில் கேட்கப்படும் கேள்விகள்தான் இங்கே இருப்பவை.

ஆஸ்பத்திரியில் இருந்தபோது உட்கார இடமில்லாத கூட்டம். ஆறு மாதத்தில் ஒருவரையும் காணோம். எல்லோரும் அவ்வளவுதானா?

நம் ஊரில் விசாரிப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சாவு விழுந்தால் பதினாறாம் நாள் வரை கணக்கு. ஆபரேஷன் என்றால் சாத்துக்குடியும் ஹார்லிக்ஸ் பாட்டிலும், கிளம்பும்போது தலையணைக்கு அடியில் ஒரு ஐந்நூறு ரூபாய். இதெல்லாம் ஒரு முடிவு உள்ள காரியங்களுக்கு வந்த வழக்கம். செத்தும் போகவில்லை, எழுந்து நடக்கவும் இல்லை என்று வருடக்கணக்கில் இருக்கிறவனை எப்படி விசாரிப்பது என்று நம்மில் யாருக்கும் யாரும் சொல்லித்தரவில்லை. முதல் தடவை "எப்படிப்பா இருக்கு?" என்பார்கள். இரண்டாம் தடவை "கால்ல ஏதாவது தெரியுதா?" மூன்றாம் தடவை கேட்க ஒன்றும் இருக்காது. கேள்வி தீர்ந்ததும் வருவதும் நின்றுவிடும்.

என்னோடு ஐந்து வருடம் ஒன்றாக வேலை பார்த்தவன் ஒருத்தன். ஆஸ்பத்திரியில் என் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக் கிடந்தான். நாலாவது மாதத்திலிருந்து ஆள் வரவில்லை. போன் அடித்தாலும் எடுக்கவில்லை. அவனை நான் திட்டாத திட்டு இல்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை. "அந்தச் சாரத்துல ஒரு பக்கம் நான் கட்டுனதுலே" என்றான். எனக்கு அது தெரியவே தெரியாது. எந்தப் பக்கம் சரிந்தது என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. மறு ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் ஒருவரைக் கூட்டிவந்து பாத்ரூம் வாசலை அகலப்படுத்திக் கொடுத்தான்.

காணாமல் போன எல்லோருக்கும் இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. சிலர் அவ்வளவுதான். ஆனால் யார் எந்த வகை என்று முதல் வருடத்திலேயே தீர்ப்பு எழுதிவிடாதீர்கள். நான் எழுதினேன், பாதி தப்பு.

வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள். ஒரு நிமிடம்கூடத் தனியாக விடுவதில்லை. பிறகு ஏன் இப்படித் தனியாக இருப்பதுபோல் இருக்கிறது?

பார்த்துக்கொள்வது வேறு, கூட இருப்பது வேறு. காலையில் எழுப்பித் துடைத்து, மூத்திரப் பேக் மாற்றி, புரட்டிப் போட்டு, சாப்பாடு கொடுத்து, மறுபடி புரட்டுகிறவர்களுக்கு நாம் அன்றைய வேலை. வேலை முடிந்தால் அக்கடா என்று எழுந்து போகத்தான் தோன்றும். அவர்களும் மனிதர்கள்தானே. என் அம்மா என் பக்கத்திலேயே நாள் முழுக்க இருந்தாள். ஆனால் விழுவதற்கு முன்பு என்னிடம் சண்டை போடுவாளே, அந்தச் சண்டை நின்றுபோயிருந்தது. "நீ என்ன சொன்னாலும் சரிப்பா" என்றே இருந்தாள். சண்டைகூடப் போடப்படாத ஆளாக நான் ஆனதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அப்புறம் வருகிறவர்கள் பேசுகிற தோரணை. நான் அங்கேயேதான் இருப்பேன். என் தலைக்கு மேலே அம்மாவைப் பார்த்து, "தம்பி சாப்பிட்டானா? ராத்திரி தூங்குறானா?" என்பார்கள். காது கேட்காதவனுக்கும் கைக்குழந்தைக்கும் நடுவில் எங்கோ என்னை வைத்திருந்தார்கள். ஒரு நாள் மதினியிடம் மளிகைக் கணக்கு நோட்டை என்னிடம் கொடுக்கச் சொன்னேன். கேஸ் எப்போது தீரும், பால்காரருக்கு எவ்வளவு, எல்லாம் என் பொறுப்பு. கணக்கில் ஒரு தப்பு வந்து அண்ணன் என்னைச் சத்தம் போட்டபோது, நம்பமாட்டீர்கள், நிம்மதியாக இருந்தது.

வீட்டுக்காரர்கள் இதைப் படித்தால் ஒன்று சொல்வேன். உடம்புக்குச் செய்யும் வேலை முடிந்த பிறகு ஒரு பத்து நிமிடம் கையில் எந்த வேலையும் இல்லாமல் பக்கத்தில் வந்து உட்காருங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் மருந்து, மூத்திரம், மோஷன் பேச்சு வேண்டாம்.

வெளியே போகவே பிடிக்கவில்லை. இது மனச்சோர்வா?

இருக்கலாம். அதற்கு மருந்தும் உண்டு, டாக்டரும் உண்டு. முதுகுத்தண்டில் அடிபட்டவர்களில் 20 முதல் 30 சதவீதம் பேருக்குச் சிகிச்சை தேவைப்படுகிற அளவுக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் 2013-இல் மதிப்பிட்டிருக்கிறது. ஆனால் மனசைப் பார்ப்பதற்கு முன்னால் மூத்திரப் பையைப் பாருங்கள். விளையாட்டாகச் சொல்லவில்லை.

முதல் வருடம் எனக்கு நிரந்தரமாக டியூப் போட்டு, பக்கத்தில் யூரின் பேக் தொங்கும். அத்தை மகள் கல்யாணத்துக்கு வேனில் தூக்கிப்போட்டுக் கூட்டிப்போனார்கள். பந்தியில் உட்கார்ந்திருந்தபோது பேக் குழாய் கழன்றுவிட்டது. எனக்குத் தெரியவில்லை, தெரிவதற்கு உணர்வு இல்லையே. எதிர்ப் பந்தியில் இருந்த ஒரு சின்னப் பையன்தான் முதலில் பார்த்தான். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. இலையை மடித்துவிட்டு ஒவ்வொருவராக எழுந்தார்கள். அதன் பிறகு பதினொரு மாதம் நான் வாசற்படி தாண்டவில்லை. "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். என் மனசுக்கு ஒரு கேடும் இல்லை. எனக்கு வேண்டியிருந்தது கசியாமல் நாலு மணி நேரம்.

அதைக் கொடுத்தது மறுவாழ்வு மையத்தில் இருந்த ஒரு நர்ஸம்மா. கையைச் சுத்தமாகக் கழுவி, மெல்லிய டியூபை நாமே உள்ளே விட்டு, சிறுநீரை வடித்துவிட்டு உடனே எடுத்துவிடுவது. சுருக்கமாக சிஐசி என்பார்கள். நாலிலிருந்து ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை. எவ்வளவு தண்ணீர், எத்தனை மணிக்கு என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். மோஷனுக்கும் அதே மாதிரி நேரம் பழக்குவது உண்டு. எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள், விடியற்காலை. இது எல்லோருக்கும் ஒத்துவராது. கழுத்தில் அடிபட்டுக் கை வேலை செய்யாதவர்களுக்கு முறை வேறு, அதனால் டாக்டரைக் கேட்டுத்தான் மாற்ற வேண்டும். எனக்கு இது பிடிபட மூன்று வாரம் ஆனது. நாலாவது வாரம் டீக்கடைக்குப் போனேன்.

பெண்களுக்கு இது இன்னும் பெரிய பாடு. டியூப் போட இடம் வேண்டும், படுக்க வேண்டியிருக்கும், மறைவு வேண்டும். வீல்சேர் உள்ளே போகிற கழிவறை நம் பஸ் ஸ்டாண்டுகளில் எத்தனை இருக்கிறது? என்னோடு மையத்தில் இருந்த ஒரு அக்கா, வெளியூர் போகும் நாளில் முந்தின ராத்திரியிலிருந்தே தண்ணீர் குடிக்கமாட்டார். கிட்னிக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியாமலில்லை. தண்ணீர் குடித்தால் போக முடியாது, அவ்வளவுதான்.

படுக்கைப்புண்ணுக்கும் தனிமைக்கும் என்ன சம்பந்தம்?

நான் ஏழு மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தேன். அதுதான் சம்பந்தம்.

உணர்வு இல்லாத இடத்தில் உடம்பு "தள்ளி உட்காரு" என்று சொல்லாது. எலும்புக்கும் படுக்கைக்கும் நடுவே சதை நசுங்கும், ரத்தம் போகாது, தோல் கருக்கும். பிருஷ்டம், இடுப்பின் பின்பக்கம், குதிகால் மூன்றும் முக்கியமான இடங்கள். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரள வேண்டும். வீல்சேரில் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் ஒரு தடவை கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்ள வேண்டும். ராத்திரி கண்ணாடி வைத்துப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லித்தராமலே என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே வேண்டாம். மூன்றாவது மாதம் இடுப்பில் கை போகிற குழி.

குப்புறக் கிடக்கிறவனுக்குத் தெரிவது தரை மட்டும். வருகிறவர்கள் என் முதுகிடம் பேசினார்கள். யார் வந்திருக்கிறார்கள் என்பதைக் காலை வைத்துத்தான் கண்டுபிடிப்பேன். பெரியப்பாவுக்கு வலது கால் பெருவிரல் நகம் கறுப்பு. பக்கத்து வீட்டுப் பாப்பாவுக்கு ஒரு காலில் மட்டும் கொலுசு. இன்றைக்கும் ஆட்களைப் பார்த்தால் என் கண் முதலில் கீழேதான் போகிறது.

மறுபடி நடப்போம் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டுமா?

விடச் சொல்ல நான் யார்? காயம் முழுமையானதா, பகுதியா என்பதைப் பொறுத்துப் பெரிய வித்தியாசம் உண்டு. கால் கட்டைவிரலில் லேசான அசைவோ, ஆசனவாய்ப் பக்கம் கொஞ்சம் உணர்வோ மிச்சமிருந்தால் கதையே வேறு. வருகிற முன்னேற்றத்தில் பெரும்பகுதி முதல் ஒரு வருடத்துக்குள் வந்துவிடும். அதற்குப் பிறகும் கொஞ்சம் வரலாம். ஆனால் அறுந்த தண்டுவடத்தை மறுபடி ஒட்டவைக்கும் மருந்து இன்றுவரை வரவில்லை. அதற்கென்று ஊசி போடுகிறோம் என்று என்னிடம் இரண்டு லட்சம் வாங்கினார்கள். அதில் அம்மாவின் சங்கிலியும் போனது.

பணத்தைவிட மோசமாகப் போனது காலம். "நடந்த பிறகு பார்த்துக்கலாம்" என்று எல்லாவற்றையும் தள்ளிவைத்தேன். சாய்தளம் கட்டினால் நடக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று படிக்கட்டை இடிக்கவிடவில்லை. வீல்சேரில் இருப்பதைப் பார்க்கக்கூடாது என்று நண்பர்களையும் வரவிடவில்லை. பிறகு யாரும் வரவில்லை என்று அழுதேன். முட்டாள்தனம். நம்பிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும், படிக்கட்டை இடித்துச் சாய்தளம் போடுங்கள். நடக்கிற காலம் வந்தால் சாய்தளத்திலும் நடக்கலாம்.

இப்படி ஒரு அடி விழுந்தால் மனிதன் உள்ளுக்குள் வளர்வான் என்கிறார்களே, உண்மையா?

டெடெஸ்கி, கல்ஹவுன் என்று இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1990-களில் இதற்கு ஒரு பெயரே வைத்தார்கள். தமிழில் சொன்னால் அதிர்ச்சிக்குப் பின்னான வளர்ச்சி. 1996-இல் இதை அளக்க 21 கேள்விகள் கொண்ட ஒரு படிவமும் போட்டார்கள். உறவுகள் நெருக்கமாவது, புது வழிகள் தெரிவது, தன் பலம் தெரிவது, ஆன்மிகம், வாழ்க்கையை மதிப்பது என்று ஐந்து பக்கம். அவர்கள் சொன்னதில் பலர் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று உண்டு. வளர்ச்சி விபத்திலிருந்து வருவதில்லை, விபத்துக்குப் பிறகு மனசோடு நடக்கும் மல்லுக்கட்டிலிருந்து வருகிறது. வேதனையும் வளர்ச்சியும் ஒரே ஆளிடம் ஒரே நேரத்தில் இருக்கும். ஒன்று வந்தால் இன்னொன்று போய்விடும் என்று அர்த்தமில்லை.

இன்னொரு ஆய்வு ஊக்கப் பேச்சாளர்களிடம் படாத பாடு படுகிறது. 1978-இல் பிரிக்மன் என்பவரும் கூட்டாளிகளும் செய்தது. லாட்டரி அடித்தவர்கள் 22 பேர், விபத்தில் முடங்கியவர்கள் 29 பேர், சாதாரண ஆட்கள் 22 பேர். "லாட்டரி அடித்தவனும் கால் போனவனும் கடைசியில் ஒரே அளவு சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று மேடையில் சொல்வார்கள். அப்படி அதில் இல்லை. ஐந்துக்கு எவ்வளவு என்று போட்டால் சாதாரண ஆட்கள் 3.82, அடிபட்டவர்கள் 2.96. குறைவுதான். ஆனால் எல்லோரும் நினைக்கிற பாதாளம் இல்லை.

எனக்கு அதில் பிடித்தது வேறொரு எண். விபத்துக்கு முன்னால் எவ்வளவு சந்தோஷமாக இருந்தீர்கள் என்று கேட்டதற்கு அடிபட்டவர்கள் 4.41 போட்டார்கள். சாதாரண ஆட்கள் தங்கள் கடந்த காலத்துக்குப் போட்டது 3.32. பழைய வாழ்க்கை நினைவில் தங்கமாகிவிடுகிறது. என் கதையும் அதுதான். 2010-இல் எனக்குக் கடன் இருந்தது, மேஸ்திரி கூலி பாக்கி வைத்திருந்தார், முதுகு வலி வேறு. படுக்கையில் கிடந்தபோது இதெல்லாம் ஒன்றும் ஞாபகம் வரவில்லை. சைக்கிளில் கையை விட்டு ஓட்டிப் போனது மட்டும் வந்தது.

வளர வேண்டும் என்று யாரும் உங்களிடம் கடன் கேட்க முடியாது. வளராமல் வெறுமனே வாழ்ந்துவிட்டுப் போகவும் நமக்கு உரிமை உண்டு.

டாக்டர் மேரி வர்கீஸ், ஆய்க்குடி ராமகிருஷ்ணன் போல எல்லோராலும் முடியுமா?

முடியாது. அவர்கள் படத்தைக் காட்டி "பார், அவங்களால முடியுது" என்பது எனக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு விவரமாகத் தெரிந்துகொண்டபோது வேறொன்று கண்ணில் பட்டது.

மேரி வர்கீஸ் வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர். 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்துவிட்டது. தொழுநோயால் மடங்கிப்போன கைகளைச் சரிசெய்யும் ஆபரேஷனை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்று அவரை அந்த வழிக்குக் கொண்டுவந்தவர் அங்கிருந்த டாக்டர் பால் பிராண்ட். வீல்சேரில் உட்கார்ந்தே ஆபரேஷன் செய்தார். பிறகு ஆஸ்திரேலியாவில் தனக்கு மறுவாழ்வுப் பயிற்சி, நியூயார்க்கில் அந்தத் துறையிலேயே படிப்பு. திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையை நடத்தினார். 1966-இல் அங்கே தங்கிப் பயிற்சி எடுக்கும் மறுவாழ்வு நிலையம் வந்தது. 1972-இல் பத்மஸ்ரீ.

ராமகிருஷ்ணன் எங்கள் பக்கத்துக்காரர். பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் பெங்களூரில் கடற்படை அதிகாரி தேர்வுக்குப் போன இடத்தில் உயரத்திலிருந்து விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தது. 1981-இல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் தொடங்கினார். தனக்குச் சிகிச்சையும் ஊக்கமும் கொடுத்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரிலிருந்துதான் அந்த "அமர்". 2020-இல் இவருக்கும் பத்மஸ்ரீ. தசைச்சிதைவு நோய் உள்ள சங்கரராமன் அவரோடு சேர்ந்து சங்கத்தை நடத்துகிறார்.

இரண்டு கதையிலும் நடுவில் ஒரு ஆள் நிற்கிறார், கவனித்தீர்களா? உனக்கு இன்னும் வேலை இருக்கிறது என்று சொல்கிற ஆள். சொன்னதோடு நிற்காமல் அதற்கு மேசையும் நாற்காலியும் போட்டுக்கொடுக்கிற ஆள். நமக்குக் காட்டப்படும் படத்தில் அந்த ஆளை வெட்டிவிடுகிறார்கள். அதனால்தான் பார்க்கிறவனுக்குத் தன் மேல் குற்ற உணர்ச்சி வருகிறது.

என்னைப் போல அடிபட்டவர்களை எங்கே பார்ப்பது? பார்த்து என்ன ஆகப்போகிறது?

நானும் இப்படித்தான் கேட்டேன். ஒரு நொண்டி இன்னொரு நொண்டியைப் பார்த்து என்ன செய்ய என்று கேட்டேன். (அந்த வார்த்தையை அடுத்தவர் சொன்னால் இன்றும் சண்டைக்குப் போவேன்.)

மையத்தில் எனக்குப் பக்கத்துக் கட்டிலில் ஒரு அண்ணன். அடிபட்டு ஒன்பது வருடம் ஆனவர், வேறு ஆபரேஷனுக்காக வந்திருந்தார். என்னைப் பார்த்து "கால்ல ஏதாவது தெரியுதா" என்று கேட்கவில்லை. "ராத்திரி ரெண்டு மணிக்கு முழிப்பு வருமே, அப்ப என்ன பண்றே?" என்றார். அந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது. கட்டிலிலிருந்து வீல்சேருக்கு மாறுவது, வெயிலில் வீல்சேர் இரும்பு சூடாகித் தொடை வெந்துபோவது, பஸ்ஸில் எந்த இடத்தைப் பிடிக்க வேண்டும், யாராவது தூக்கும்போது எங்கே பிடிக்கச் சொல்ல வேண்டும், எல்லாம் அவரிடம் கற்றதுதான். டாக்டர்களுக்குத் தண்டுவடம் தெரியும். சாயங்காலம் ஆறு மணி இவருக்குத்தான் தெரியும்.

இங்கிலாந்தில் ஸ்டோக் மாண்டவில் ஆஸ்பத்திரியில் லுட்விக் குட்மன் என்ற டாக்டர் 1944-இலிருந்து தண்டுவடக் காயம்பட்ட ராணுவத்தாரை ஒரே வார்டில் சேர்த்து வைத்துப் பார்த்தார். 1948 ஜூலை 29, லண்டன் ஒலிம்பிக்ஸ் தொடங்கிய அதே நாள், ஆணும் பெண்ணுமாக 16 பேரை வைத்து வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக்ஸுக்கு அதுதான் விதை. வேலூரிலும் பழைய நோயாளிகளை வருடா வருடம் வரவழைத்து ரீஹேப் மேளா நடத்துகிறார்கள், அதிலும் விளையாட்டு உண்டு. ஆய்க்குடியில் தண்டுவடம் அடிபட்டவர்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. திருவண்ணாமலையில் சோல்ஃப்ரீ என்ற அமைப்பு இருக்கிறது. அதைத் தொடங்கிய பிரீத்தி ஸ்ரீனிவாசன் தமிழ்நாட்டு 19 வயதுக்குட்பட்டோர் மகளிர் கிரிக்கெட் அணித் தலைவியாக இருந்தவர், 1998-இல் புதுச்சேரிக் கடலில் நடந்த விபத்தில் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர்.

உங்களுக்கு என்னதான் மாறியது?

நல்லதும் கெட்டதும் சேர்த்துச் சொல்கிறேன். கோபம் கூடிவிட்டது, அதை மறைக்க வேண்டாம். காத்திருக்கும் பழக்கமும் கூடியிருக்கிறது. ஒரு டம்ளர் தண்ணீருக்கு யாரையாவது எதிர்பார்த்திருந்த காலத்தில் அது தானாக வந்துவிட்டது. முன்பு உதவி கேட்பது எனக்குப் பிடிக்காது. இப்போது ரோட்டில் போகிற யாரையும் "அண்ணே, ஒரு கை குடுங்க, இடது பக்கம் கம்பியப் பிடிங்க, டயரப் பிடிக்காதீங்க" என்று வேலை வாங்குவேன். கேட்கக் கூச்சப்படுகிறவனை ஜனங்களும் கூச்சத்தோடு பார்க்கிறார்கள். தெளிவாகச் சொன்னால் தெளிவாகச் செய்கிறார்கள்.

பெரிய மாற்றம் காயில் கட்டத் தொடங்கியதில்தான். மறுவாழ்வு மையத்தில் பழகியது. ஒரு பழைய மிக்ஸி மோட்டாரைக் கழற்றி, எரிந்த செம்புக் கம்பியை வெட்டியெடுத்து, சுற்று எண்ணிப் புதுக் கம்பி சுற்றி, வார்னிஷ் அடித்துக் காயவைப்பது. முதல் மோட்டார் ஓடியதும் அதன் சொந்தக்காரர் அம்மாவிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டார், "எவ்வளவு தரணும்?" மூன்று வருடத்தில் வெளி ஆள் ஒருவர் என்னைப் பார்த்துக் கேட்ட முதல் நேரான கேள்வி. இருநூற்றைம்பது என்றேன். அவர் பேரம் பேசினார். அதுவும் நன்றாக இருந்தது.

கல்யாணம்?

ஆனவர்களும் இருக்கிறார்கள், ஆகாதவர்களும் இருக்கிறார்கள். அடிபட்ட பிறகு ஆணுக்கும் பெண்ணுக்கும் தாம்பத்தியம் முடிந்துபோவதில்லை, விதம் மாறுகிறது. பெண்கள் கர்ப்பம் தரிக்கலாம், ஆண்களுக்கும் மருத்துவ வழிகள் உண்டு. இதை டாக்டரிடம் வெட்கப்படாமல் கேளுங்கள், அவர் தானாகச் சொல்லமாட்டார். நான் பார்த்தவரையில் அடிபட்ட கணவனை விட்டுப் போகாத மனைவிகள் நிறைய. அடிபட்ட மனைவியைத் தாய் வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த கணவன்மார்களும் நிறைய. எனக்கு ஆகவில்லை. அதற்குக் காரணம் முதுகு மட்டுமில்லை, அந்தக் கதை இங்கே வேண்டாம்.

செத்துவிடலாம் போல இருக்கிறது என்று அடிபட்டவர் சொல்கிறார். என்ன செய்வது?

"அப்படியெல்லாம் பேசாதே" என்று வாயை அடைக்காதீர்கள். என் வாயை அடைத்ததால் நான் பேசுவதை நிறுத்தினேன், நினைப்பதை நிறுத்தவில்லை. எப்போதிலிருந்து, எந்த நேரத்தில் அதிகம் என்று நேராகக் கேளுங்கள். கேட்டால் தூண்டிவிட்டதாக ஆகாது. அன்று ராத்திரி தனியாக விடாதீர்கள். மாத்திரைகளை எடுத்து வேறிடத்தில் வையுங்கள். 14416, மத்திய அரசின் டெலிமானஸ் என்கிற மனநல உதவி எண், எந்த நேரமும் தமிழிலும் பேசலாம். தமிழ்நாட்டில் 104-க்கும் கூப்பிடலாம். மறுநாளே மனநல டாக்டர். தூக்கம், வலி, சிறுநீர்த் தொற்று மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். தீராத நரம்பு எரிச்சலோடு நாலு ராத்திரி தூங்காமல் கிடந்தால் யாருக்கும் அந்த எண்ணம் வரும். வலிக்கு மருந்து மாற்றியதும் எனக்குப் பாதி போனது.

நண்பனைப் பார்க்கப் போகிறேன். என்ன பேசுவது?

உங்கள் வீட்டு மிக்ஸி ஓடவில்லை என்று சொல்லுங்கள். ஊர்வம்பு பேசுங்கள். அவனிடம் ஒரு யோசனை கேளுங்கள், ஒரு வேலை வாங்குங்கள். உட்கார்ந்து பேசுங்கள், நின்றுகொண்டே பேசினால் எங்களுக்குக் கழுத்து வலிக்கும். வீல்சேர் கைப்பிடியில் பையை மாட்டாதீர்கள், கேட்காமல் பின்னாலிருந்து தள்ளாதீர்கள். போன ஜென்ம பாவம், சனிப்பெயர்ச்சி இரண்டையும் செருப்போடு வாசலில் விட்டுவிட்டு வாருங்கள். முக்கியமாக, அடுத்து எப்போது வருவீர்கள் என்று கிழமை சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். "வர்றேன்" என்பது எங்களுக்குப் பழகிப்போன வார்த்தை. "செவ்வாய்க்கிழமை வர்றேன்" என்றால் திங்கட்கிழமையே முகச்சவரம் செய்துகொள்வோம்.

அரசிடமிருந்து என்ன கிடைக்கும்?

முதலில் யூடிஐடி என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்குங்கள், எல்லாம் அதைக் காட்டித்தான். 2016-ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி 40 சதவீதமோ அதற்கு மேலோ பாதிப்பு இருந்தால் சலுகைகளுக்குத் தகுதி, அரசு வேலையில் 4 சதவீத இடஒதுக்கீடும் உண்டு. கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கொடுக்கிறது. பேட்டரி வீல்சேர், பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் இதற்கெல்லாம் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் எழுதிக்கொடுக்க வேண்டும். அலைச்சல் உண்டு. ஆனால் ஸ்கூட்டருக்காக எவ்வளவு அலைந்தாலும் தகும். யாரையும் கேட்காமல் நானே சாவியைத் திருகி முக்கு வரைக்கும் போய்த் திரும்பிய அன்று ஒரு லிட்டர் பெட்ரோலைச் சும்மா சுற்றியே தீர்த்தேன்.

இப்போது தனிமை போய்விட்டதா?

இல்லை. ஆடித்தபசுத் திருவிழாவுக்குச் சங்கரன்கோவிலே ஜனத்தில் மிதக்கும். நான் உட்கார்ந்திருக்கும் உயரத்திலிருந்து எனக்குத் தெரிவது இடுப்புகளும் முதுகுகளும்தான், சாமி தெரியாது. அன்றைக்கு வரும் தனிமை வேறு எந்த நாளும் வராது. சென்னை மெரினாவில் 2022 நவம்பரில் வீல்சேர் போக மரப்பாதை போட்டார்கள். போட்ட சில நாளிலேயே புயலில் சேதமாகி மறுபடி சரிசெய்தார்கள். அங்கே ஒரு தடவை போயிருக்கிறேன். எனக்கு முன்னால் யாரும் இல்லை, கடல்தான் இருந்தது. தனியாகத்தான் இருந்தேன். கூட வந்தவனிடம் நீ போய்ச் சுண்டல் வாங்கிவிட்டு மெதுவாக வா என்று நானே அனுப்பியிருந்தேன்.

கூட வந்தவன் அந்தச் சாரம் கட்டியவன்தான். இப்போதும் வாரத்தில் இரண்டு நாள் வருவான், செம்புக் கம்பி விலையில் தொடங்கிச் சண்டை போட்டுவிட்டுப் போவான்.

கேட்க வேண்டியது இன்னும் இருந்தால் ராத்திரி பத்து மணிக்கு மேல் கூப்பிடுங்கள். பகலில் வைண்டிங் மெஷின் சத்தத்தில் போன் அடிப்பது கேட்காது.